யார் பேச்சைக் கேட்பது?

வீட்டை இடித்துக் கட்டுவதா, வேண்டாமா? செம்பூரின் பழைய சொசைட்டிகளில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. அதை மனம் எப்படி எடை போடுகிறது என்பதில்தான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. செம்பூரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால் கார்களை ஓரங்கட்டிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். சொசைட்டியின் சிறப்புப் பொதுக்கூட்டம். அஜெண்டாவில் இருப்பது ஒரே விஷயம்: ரீடெவலப்மெண்ட். கட்டடத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. லிஃப்ட் கிடையாது. மழைக்காலம் வந்தால் மேல்மாடிச் சுவர்கள் வியர்க்கின்றன. பால்கனியில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கிறது.

மூன்றாவது மாடியிலிருந்து முழங்கால் வலியோடு இறங்கி வந்திருக்கிறார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். மடியில் ஒரு ஃபைல். அதில் கட்டடக் கலைஞர் தயாரித்த நாற்பது பக்க அறிக்கை, பில்டரின் கடிதம், பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு செய்திகள். சட்டைப் பையில் இருக்கும் போனில் அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய செய்தி: "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்கப்பா." சென்னையில் இருக்கும் மைத்துனர் நேற்று இரவு நேர் எதிராகச் சொன்னார்: "இந்தச் சான்ஸை விட்டா லிஃப்ட் வெச்ச வீட்டை இந்த ஜன்மத்துல பார்க்க முடியாது அத்தான்." பக்கத்து ஃப்ளாட்காரர், கோயிலில் பார்க்கும் வக்கீல், பழைய ஆபீஸ் நண்பர் என்று ஒரு மாதத்தில் குறைந்தது எட்டுப் பேரைக் கேட்டுவிட்டார். எட்டு விதமான பதில்.

இது குறிப்பிட்ட ஒரு சொசைட்டியின் கதை அல்ல. கடந்த சில வருடங்களாகச் செம்பூரில் நடந்துவரும் கூட்டங்களின் பொதுவான சாயல் இது. பில்டர் மாறுவார், சதுர அடிக் கணக்கு மாறும். மாறாதது ஒன்று உண்டு. வாழ்நாளின் ஆகப் பெரிய முடிவை எடுக்க வேண்டிய மனிதர் ஊரையெல்லாம் கேட்கிறார். கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறார். பல சமயம், கேட்கக் கூடாதவரின் பேச்சைக் கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டியவரை விட்டுவிடுகிறார்.

ஏன் இப்படி? உளவியல் நிபுணர்கள் சுமார் முப்பது ஆண்டுகளாகத் துருவிவரும் கேள்வி இது. அவர்கள் கண்டதைச் செம்பூர் கூட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்குகின்றன.

விலை ஏறிய மண்

பணயம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1950களில் மாகுல் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1956-ல் டிராம்பேயில் அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியது. உர ஆலை, வங்கிகள், மத்திய அரசு அலுவலகங்கள் என்று வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் மாதுங்காவில் இடம் போதாமல் செம்பூருக்கு நகர்ந்தன. ஆலைப் புகையால் 'கேஸ் சேம்பர்' என்று மற்றவர்கள் கேலி செய்த பேட்டையில், கூட்டுறவு சொசைட்டி அமைத்து, பிராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கி, இரண்டு அறை வீடுகளைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். சேடா நகரில் முருகன் கோயில் வந்தது. ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் கச்சேரிகள் நடந்தன.

பிறகு சாலைகள் வந்தன. 2013-ல் ஈஸ்டர்ன் ஃப்ரீவே, 2014-ல் மோனோ ரயிலும் சாந்தாகுரூஸ் இணைப்புச் சாலையும். ஊரின் ஓரமாக இருந்த செம்பூர் நடுவுக்கு வந்துவிட்டது. 1948-ல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோவே 2019-ல் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது என்றால், ஐம்பது வருட சொசைட்டிகள் எம்மாத்திரம்?

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாக பில்டர் சொல்கிறார். உறுப்பினர்களுக்குக் கூடுதல் இடம், கட்டி முடியும் வரை வாடகை, கையில் ஒரு தொகை. மீதி மாடிகளை விற்று அவர் லாபம் பார்ப்பார். ஏமாற்று வேலைகளைத் தடுக்க மகாராஷ்டிர அரசு கூட்டுறவுச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் 2009-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, 2019-ல் திருத்தியது. தொழில்முறை ஆலோசகரின் சாத்தியக்கூறு அறிக்கை, பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அரசுப் பிரதிநிதி, வீடியோ பதிவு, மொத்த உறுப்பினர்களில் 51 சதவிகிதத்தினரின் சம்மதம் என்று பல பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன.

ஆனால் கையெழுத்துப் போடும் மனிதரின் மனசுக்குள் நடப்பதை எந்தச் சட்டமும் வீடியோ எடுப்பதில்லை.

தப்பாகிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மும்பைவாசிகள் சொல்லும் உதாரணம் கோரேகாவில் உள்ள பத்ரா சால். அங்கே 672 குடும்பங்களுக்காக 2008-ல் மறுகட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது. வீட்டைக் காலி செய்துகொடுத்தார்கள். பின்னர் வாடகை நின்றது, கட்டடமும் எழும்பவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். புது வீட்டைப் பார்க்காமலே சிலர் கண்ணை மூடினார்கள்.

என் கணக்குக்கே எடை அதிகம்

இஸ்ரேலைச் சேர்ந்த இலான் யானிவ், எலி கிளைன்பெர்கர் என்ற ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட சோதனைகள் இந்தத் துறையில் பிரபலம். வரலாற்று நிகழ்ச்சிகள் நடந்த ஆண்டை மாணவர்கள் ஊகித்துச் சொல்ல வேண்டும். பிறகு இன்னொருவரின் ஊகம் காட்டப்படும். விரும்பினால் விடையை மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலோர் மாற்றிக்கொண்டார்கள், ஆனால் கொஞ்சம்தான். இப்படிப்பட்ட சோதனைகளில் மனிதர்கள் அடுத்தவர் பக்கம் நகர்வது சராசரியாக 20 முதல் 30 சதவிகித தூரம்தான் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1900-ல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நண்பர் 1860 என்கிறார். 30 சதவிகிதம் இறங்கிவந்தால் உங்கள் விடை 1888 ஆகும். இருவருடையதையும் சரிபாதியாகச் சேர்த்திருந்தால் 1880. உண்மையான ஆண்டு 1869. நண்பரை உங்களுக்குச் சமமாக மதித்திருந்தாலே தவறு 19 வருடத்திலிருந்து 11 ஆகக் குறைந்திருக்கும்.

ஏன் மதிப்பதில்லை? திமிர் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் வேறு. என் முடிவுக்கு வந்த வழி எனக்குத் தெரியும். காரணங்கள் மனசில் வரிசையாக நிற்கின்றன. அடுத்தவரிடமிருந்து எனக்குக் கிடைப்பது முடிவு மட்டும்தான். அதன் பின்னால் உள்ள காரணங்கள் அவர் தலைக்குள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கு எடை அதிகம்.

செம்பூர் கூட்டத்தில் கட்டடக் கலைஞரின் அறிக்கை படும் பாடு இதுதான். "இந்த மனையில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கூடுதல் இடம்தான் சாத்தியம்" என்று அவர் ஒரே வரியில் சொல்கிறார். மூன்றாவது மாடிக்காரர் மனசிலோ பக்கத்துத் தெருவில் யாருக்கோ கிடைத்ததாகக் கேள்விப்பட்ட இடம் படமாக நிற்கிறது. அந்தத் தெருவின் அகலம் வேறு, மனையின் அளவு வேறு என்பதெல்லாம் அறிக்கையின் உள்பக்கங்களில் இருக்கிறது. உள்பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை.

கேளாமல் வரும் புத்திமதி

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான், கீழ்ப்படிவதும் கேட்பதுதான். "அவன் என் பேச்சைக் கேட்கவே மாட்டான்" என்று ஓர் அப்பா புலம்பினால், பையனுக்குக் காது மந்தம் என்று பொருளல்ல. நம் வீடுகளில் ஒருவரிடம் யோசனை கேட்டால் அதன்படி நடக்க வேண்டும் என்பது எழுதாத விதி. நடக்காவிட்டால், "அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?" என்ற மனஸ்தாபம்.

அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-ல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும். தன் சுதந்திரம் பறிபோவதாக உணரும் மனிதன் அதை மீட்பதற்காகவே சொன்னதற்கு எதிராகச் செய்வான் என்றார் அவர். கேவன் ஃபிட்ஸ்சைமன்ஸ், டொனால்ட் லேமன் ஆகிய இருவரும் 2004-ல் இதை நுகர்வோரிடம் சோதித்தார்கள். ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு பொருள் பிடித்திருக்கிறது. யாரும் கேட்காமலே ஒரு நிபுணர் வந்து "அது வேண்டாம்" என்கிறார். சும்மா இருந்திருந்தால் தயங்கியிருக்கக் கூடியவர்களும் அப்போது முன்பைவிட உறுதியாக அந்தப் பொருளையே பிடித்துக்கொண்டார்கள்.

அமெரிக்க மகனின் செய்தி அப்பாவை என்ன செய்திருக்கும்? பில்டரின் திட்டத்தை அரைமனதாக விரும்பியவர், "வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவனுக்கு இந்தப் படிக்கட்டு என்ன தெரியும்?" என்று முழுமனதாக விரும்பத் தொடங்கியிருப்பார். மகன் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் சொன்ன விதம் அப்பாவை எதிர்க்கட்சியில் உட்காரவைத்துவிட்டது.

வேறு எப்படிச் சொல்வது? ரீஷாத் தலால், சில்வியா பொனாச்சியோ ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. 'இதைச் செய்', 'இதைச் செய்யாதே' என்ற தீர்ப்புகளைவிட, முன்னால் இருக்கும் வழிகளைப் பற்றிய தகவலையே முடிவெடுப்பவர்கள் பெரிதும் விரும்பினார்கள். "கையெழுத்துப் போடாதீங்க" என்பது தீர்ப்பு. "வாடகையை நடுவில் நிறுத்தினா பில்டர் கொடுக்கிற பேங்க் கியாரண்டியிலிருந்து எடுத்துக்க முடியுமா? ஒப்பந்தத்துல எந்த இடத்துல இருக்கு, பார்த்தீங்களாப்பா?" என்பது தகவல். இரண்டாவதைக் கேட்டதும் அப்பா கோபிக்க மாட்டார், ஃபைலைத் திறப்பார்.

உரத்த குரலின் பலம்

கூட்டத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டடக் கலைஞர், "மார்க்கெட் நிலவரத்தைப் பொறுத்தது, மூன்று வருஷமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம்" என்கிறார். முதல் மாடி வக்கீல், "சில ஷரத்துகளை மாற்றினால் பரவாயில்லை" என்கிறார். பில்டரின் ஆள் எழுந்து, "முப்பதே மாதம். சாவி உங்கள் கையில். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கைதட்டல் யாருக்கு?

பால் பிரைஸ், எரிக் ஸ்டோன் என்ற இருவர் 2004-ல் இதைத்தான் சோதித்தார்கள். பங்குகள் ஏறுமா இறங்குமா என்று கணிக்கும் இரண்டு நிபுணர்கள். ஒருவர் அளவோடு பேசுபவர். மற்றவர் மிகையான நிச்சயத்தோடு பேசுபவர். பெரும்பாலோர் இரண்டாமவரையே விரும்பினார்கள். இவருக்குத்தான் விஷயம் அதிகம் தெரியும் என்றும் நினைத்தார்கள். நிச்சயத்தை அறிவின் அடையாளமாக எடுத்துக்கொள்வது மனசின் குறுக்கு வழி. நேர்மையானவர் 'இருக்கலாம்' என்று சொல்லும்போது தன் அறிவைக் காட்டுகிறார். நமக்கு அது தடுமாற்றமாகத் தெரிகிறது.

கொடுத்த காசுக்கும் இதில் பங்கு உண்டு. ஆலோசனைக்காக முன்கூட்டியே பணத்தை ஒதுக்கிவைத்தவர்கள் அதற்கு அதிக மதிப்புக் கொடுத்ததாக ஜேனட் ஸ்னைசெக் குழுவினர் 2004-ல் எழுதினார்கள். வீட்டுக்கு வந்து இலவசமாகச் சொல்லும் நண்பரின் சொல் காபியோடு மறந்துபோவதும், ஃபீஸ் வாங்கியவரின் சொல் மனசில் தங்குவதும் இதனால்தான்.

நல்ல பெயர் கட்டுவது கடினம், கெடுவது சுலபம் என்பதையும் யானிவ், கிளைன்பெர்கர் சோதனைகள் காட்டின. ஒரு ஆலோசகரின் சில தவறுகள் பல சரியான விடைகளை அடித்துவிட்டன. கைபேசியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிற இளைய தலைமுறைக்கும் இது பொருந்தும். கணினி கணிப்பு ஒன்று தவறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள், மொத்தத்தில் அது மனிதரைவிடச் சரியாக இருந்தபோதும், அதைக் கைவிட்டார்கள் என்று 2015-ல் பெர்க்லி டீட்வோர்ஸ்ட் குழுவினர் கண்டார்கள். மனிதன் தவறினால் 'அடுத்த முறை பார்ப்போம்' என்கிறோம். மெஷின் தவறினால் மன்னிப்பில்லை.

கமிஷனைச் சொன்னால் போதுமா?

ஆலோசகருக்கு இதில் லாபம் உண்டா என்று தெரிந்துவிட்டால் நாம் உஷாராகிவிடுவோம் என்பது பொதுவான நம்பிக்கை. 2005-ல் டெய்லியன் கெய்ன், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், டான் மூர் மூவரும் வெளியிட்ட சோதனை அதை உலுக்கியது. ஒரு ஜாடி நிறைய நாணயங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் அவருக்கு ஆலோசகர். ஆனால் கேட்பவர் எவ்வளவு அதிகமாக ஊகிக்கிறாரோ அவ்வளவு அதிகமாக ஆலோசகருக்குப் பணம். இந்த உண்மையை வெளிப்படையாகச் சொல்லிவிட்ட பிறகு என்ன ஆனது? ஆலோசகர்கள் 'அதான் சொல்லியாயிற்றே' என்ற தைரியத்தில் இன்னும் கூட்டிச் சொன்னார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், போதுமான அளவுக்கு அல்ல. நஷ்டம் கேட்டவர்களுக்கு.

இந்திய உதாரணம் இன்னும் நெருக்கமானது. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் ஆகியோர், பயிற்சி பெற்ற ஆட்களை வாடிக்கையாளர்கள்போல ஆயுள் காப்பீட்டு ஏஜென்டுகளிடம் அனுப்பினார்கள். குறைந்த பிரீமியத்தில் பெரிய பாதுகாப்புத் தரும் டெர்ம் பாலிசி பொருத்தமாக இருந்தபோதும், ஏஜென்டுகள் பெரும்பாலும் கமிஷன் அதிகமுள்ள பாலிசிகளையே சிபாரிசு செய்தார்கள். வாடிக்கையாளர் மனசில் ஒரு தவறான நம்பிக்கை இருந்தால் அதைத் திருத்தவில்லை, தலையாட்டினார்கள். 2010 ஜூலையில் யுலிப் பாலிசிகளின் கமிஷனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி வந்ததும், அப்படிச் சொல்லத் தேவையில்லாத வேறு பாலிசிகளின் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஆய்வு 2017-ல் பிரசுரமானது. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2004-05 முதல் 2011-12 வரை காலாவதியான ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளில் இந்தியர்கள் இழந்தது சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்.

இவ்வளவு பேர் எப்படி வாங்கினார்கள்? ஏஜென்ட் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சித்தப்பா பையன், அப்பாவின் ஆபீஸ் நண்பர், எதிர் ஃப்ளாட் மாமி. தன் கமிஷனை மறைக்காமல் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் சொல்லிவிட்டால் மறுப்பது இன்னும் கஷ்டம். 'வேண்டாம்' என்றால் 'நீ என்னை ஏமாற்றுகிறாய்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. சுனிதா சாவும் அவர் சகாக்களும் 2013-ல் காட்டியது இதைத்தான். ஆலோசகர் தன் ஆதாயத்தை வெளியிட்ட பிறகு கேட்பவருக்கு நம்பிக்கை குறைந்தது. ஆனால் ஒத்துப்போக வேண்டும் என்ற நெருக்கடி கூடியது. ஆலோசகர் பார்க்காத இடத்தில் தனியாக முடிவெடுக்கவிட்டபோது அந்த நெருக்கடி தளர்ந்தது.

சொசைட்டிக் கூட்டத்துக்கு இது பாடம். பில்டரின் ஆளும், அவரை அழைத்துவந்த கமிட்டி உறுப்பினரும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கையைத் தூக்கச் சொல்வது, உறவுக்கார ஏஜென்ட் எதிரில் வைத்துப் பாலிசியை மறுக்கச் சொல்வது போல.

ஊரோடு ஒத்து

"எல்லாரும் போட்டாச்சு, நீங்க மட்டும் ஏன் மாமா?" என்ற கேள்விக்கு முன்னால் பல ஃபைல்கள் மூடிவிடுகின்றன. லண்டனில் நைஜல் ஹார்வி, இலான் ஃபிஷர் ஆகியோர் 1997-ல் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. விஷயம் முக்கியமானதாகும்போது, பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதற்காகவும் மனிதர்கள் ஆலோசனையை ஏற்கிறார்கள் என்றார்கள் அவர்கள். தப்பாகிப் போனால் 'நான் மட்டுமா?' என்று சொல்லிக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும். வாடகை நின்ற மாதம், கையெழுத்துப் போடச் சொன்ன எட்டுப் பேரில் யாரும் வாடகை கட்ட வரமாட்டார்கள்.

பலர் சேர்ந்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் சந்தையில் ஒரு எருதின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் 787 சீட்டுகளை ஆராய்ந்தார். நடு மதிப்பு 1207 பவுண்டு. உண்மை எடை 1198. ஊர் ஊகித்தது அசல் எடையை ஒட்டியே வந்தது. ஆனால் ஒவ்வொருவரும் சீட்டில் தனித்தனியாக எழுதிப் போட்டார்கள். 2011-ல் சூரிச் நகரில் 144 மாணவர்களிடம் நடந்த சோதனையில், மற்றவர்களின் விடையைப் பார்க்கவிட்டதும் எல்லோருடைய ஊகங்களும் ஒன்றை ஒன்று நெருங்கின. துல்லியம் கூடவில்லை, தன்னம்பிக்கை மட்டும் கூடியது. ஒருவர் சொன்னதை இருபது பேர் திருப்பிச் சொன்னால் அது இருபது ஆலோசனை ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் தகவலுக்கும் இதே கதிதான்.

கேட்கும் முறை

வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஒரு அதிகாரமும், 'தெரிந்து செயல்வகை' என்று இன்னொரு அதிகாரமும் வைத்தார். துணையும் வேண்டும், தெரிந்தும் செய்ய வேண்டும். ஆய்வுகளிலிருந்து ஒரு சாதாரணக் குடும்பம் எடுத்துக்கொள்ளக் கூடியவை ஐந்து.

முதலில், யாரையும் கேட்பதற்கு முன்னால் உங்கள் எண்ணத்தையும் அதற்கான காரணத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். யாருடைய சொல் உங்களை எவ்வளவு நகர்த்தியது என்பது பிறகு தெரியும்.

இரண்டாவது, எட்டுப் பேர் வேண்டாம். ஒருவரையொருவர் கலந்துபேசாத, இதில் லாபமோ நஷ்டமோ இல்லாத மூன்று பேர் போதும். தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, "என்ன செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள். "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? நீங்கள் சொல்வது தவறாகப் போனால் எதனால் போகும்?" என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்தவர் சொல்லுக்கு உரிய எடை கிடைக்கும். நிச்சயம்போலப் பேசுபவரின் நிச்சயம் எங்கே முடிகிறது என்பதும் இந்தக் கேள்வியில் தெரிந்துவிடும்.

நான்காவது, ஆலோசனை சொன்னவர் எதிரில் முடிவெடுக்காதீர்கள். ஒரு இரவாவது போகட்டும். காப்பீட்டில் இதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2024-ல் வந்த விதிகளின்படி, பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். வீட்டு விஷயத்தில் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் முன்னாலேயே நேரம் எடுத்துக்கொள்வது நல்லது. சொசைட்டிகளும் விவாதத்துக்கு முன்பே ஒவ்வொருவர் கருத்தையும் சீட்டில் எழுதி வாங்கிவிடலாம். முதலில் எழுந்து பேசுபவரின் குரல் மற்ற குரல்களை விழுங்காது.

ஐந்தாவது ஆலோசனை சொல்பவர்களுக்கு: கேட்டால் சொல்லுங்கள். தகவலைச் சொல்லுங்கள், தீர்ப்பை விட்டுவிடுங்கள். அவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் கோபிக்காதீர்கள். அவர் உங்களிடம் வந்தது வினவுவதற்கு, கீழ்ப்படிவதற்கு அல்ல.

கூட்டம் எட்டரை மணிக்கு முடிகிறது. முடிவு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகிறது. மூன்றாவது மாடிக்காரர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி ஏறுகிறார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். கதவைத் திறக்கும் மனைவி அதே படிகளில் நாற்பது வருடமாகக் காய்கறிப் பையோடு ஏறி இறங்குபவர். ஃப்ளாட்டில் அவருக்கும் பங்கு உண்டு. எட்டுப் பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"நீ என்ன சொல்றே?" என்று முதல் தடவையாகக் கேட்கிறார்.

"நான் சொல்றது இருக்கட்டும். இத்தனை பேரைக் கேட்டீங்களே, அந்த ரிப்போர்ட்டை முழுசாப் படிச்சீங்களா?"

பதில் இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஃபைலை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்குகிறார்.